நடந்தவர்களின் பேரன்

என் மகன் தான் கட்டப்போகிற பெண்ணைப் பற்றிச் சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளைப் பிள்ளையோ?" என்பதுதான். கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, ஒன்றும் எடுக்காமலே பிரிஜ்ஜைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

"இல்லை அம்மா. அவை செரோக்கி ஆக்கள். ஒக்லஹோமாவில இருக்கினம்."

"அது எந்த நாடு?"

"அமெரிக்காதான். அமெரிக்கா எண்டு ஒண்டு வர முந்தியே அங்கை இருந்த ஆக்கள்."

படிப்பு முடிந்து டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் சந்தித்தவளாம். நான் மறுத்துப் பேசவில்லை. அவனுடைய அப்பா செத்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பிறகு அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று என் அண்ணி காதுக்குள் கேட்டாள்: "உவை படத்தில குதிரையில வாறவையோ?" மண்டபத்துக்குள் வந்தவர்கள் கோட்டும் கண்ணாடியும் போட்ட, கொஞ்சம் கூச்சப்பட்ட சாதாரண மனிதர்கள். பெண்ணின் தாய் மட்டும் நிற நிறமாய் ரிப்பன் பிடித்துத் தைத்த நீளப் பாவாடை அணிந்திருந்தார். என் காஞ்சிபுரத்தின் கரையைத் தொட்டுப் பார்த்து, "இதைக் கையால் நெய்தார்களா?" என்று கேட்டார். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

பிள்ளைகள் பக்கத்து நகரான விட்பியில் வீடு வாங்கிப் போனார்கள். புதிதாக எழும்பிய குடியிருப்பு. நட்ட மரங்கள் எல்லாம் இன்னும் ஆள் உயரத்துக்கு வரவில்லை. மூன்றாம் வருடம் மருமகள் கர்ப்பமானாள். பங்குனியில் பிள்ளை பிறக்கும் என்றார்கள். தை முடிகிற நேரம் அவளுடைய தாய் ஒக்லஹோமாவிலிருந்து வந்து இறங்கினார். பிள்ளை பிறந்து ஒரு மாதமாகும் வரை நிற்பதாகத் திட்டம். நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கு வேண்டிய மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் தமிழ்க் கடையில் வாங்கி, ஒரு பையில் கட்டிக்கொண்டு நானும் விட்பிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு பெண்கள் ஒரு சமையலறையில் என்றால் சுலபமில்லை. முதல் நாட்களில் ஒருவருக்கொருவர் வழி விட்டு விட்டே நேரம் போனது. அவர் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். "சம்பந்தி" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் வாயில் அது "சம்பாந்தி" ஆயிற்று. நானும் அவரை அப்படியே கூப்பிடப் பழகினேன். எங்கள் பேச்சு இங்கிலீஷில்தான். அவர் சொன்னவற்றை எனக்கு நினைவில் நிற்கிறபடி எழுதுகிறேன்.

அவர் ஒக்லஹோமாவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் சரித்திரம் படிப்பித்தவர். ஒருநாள் நான் மல்லி வறுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"நீங்கள் ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள்?"

"சண்டை" என்றேன்.

"நாங்களும் பிறத்தியாரிடம் அப்படித்தான், ஒரு சொல்லில் சொல்லிவிடுவோம்."

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்துக்கு 'விரிவாக்கம், மோதல், சீர்திருத்தம்' என்று பெயராம். அமெரிக்கா புதிதாகக் குடியரசாகி நடக்கப் பழகிக்கொண்டிருந்த காலம். "தலைப்பில் ஒரு பிழையும் இல்லை. யார் காணிக்குள் விரிந்தார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. எங்களுக்கு ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு வருடமும் அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு வரும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் படிப்பிப்பேன்" என்றார்.

அவருடைய ஆட்கள் ஒக்லஹோமாக்காரர் இல்லை. கிழக்கே, ஜோர்ஜியாப் பக்கத்து மலைகளில் இருந்தவர்கள். எங்களைப் போல ஆகுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம் என்று புதிய குடியரசு அவர்களுக்குச் சொன்னது. அவர்கள் ஆனார்கள். கலப்பை பிடித்தார்கள், பலகை வீடு கட்டினார்கள், தறி போட்டார்கள். அவர்களில் ஒருவர் தங்கள் மொழிக்கென்று எழுத்து உண்டாக்கினார். அந்த எழுத்தில் பத்திரிகை அடித்தார்கள், அரசியல் சட்டம் எழுதினார்கள், நீதிமன்றம் வைத்தார்கள்.

"சொன்ன எல்லாவற்றையும் செய்தோம்" என்றார் சம்பந்தி. "பிறகு அந்த மலையில் தங்கம் கிடைத்தது. மாநில அரசு எங்கள் காணிகளையும் வீடுகளையும் சீட்டுக் குலுக்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்தது."

என் அகப்பை நின்றுவிட்டது. "ஆக்கள் உள்ளே இருக்கும்போதோ?"

"உள்ளே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. சிப்பாய்கள் முன்வாசலால் கூட்டிக்கொண்டு போக, பின்வாசலில் மாடு அவிழ்க்கிற ஆட்கள் நின்றார்களாம்."

"கோட்டுக்குப் போகவில்லையோ?"

"போனோம். நாட்டின் பெரிய நீதிமன்றம் எங்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதை நடத்தி வைக்கத்தான் ஒருவரும் வரவில்லை. எங்களில் கொஞ்சப் பேர், ஊர் சம்மதிக்காமலே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். ஊரெல்லாம் சேர்ந்து அது செல்லாது என்று மனுக் கொடுத்தது. கையெழுத்தைத்தான் எண்ணினார்கள், மனுவை எண்ணவில்லை. பிறகு எல்லோரையும் மேற்கே, ஒக்லஹோமாவுக்கு, மாதக்கணக்கில் நடக்க வைத்தார்கள்."

மல்லி கருகுகிற மணம் வந்து அடுப்பை நிற்பாட்டினேன். எங்களிடமும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன, கிழிக்கப்பட்டன என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே கருகினதைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை; சரித்திரம் படிப்பித்தவர் அல்லவா. இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்றார்.

"எங்கள் ஆட்களில் வசதியானவர்கள் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். மேற்கே நடக்கும்போது அந்த அடிமைகளும் நடந்தார்கள். எங்கள் சாமான்களைச் சுமந்துகொண்டு, எங்களுக்கு விறகு வெட்டிக்கொண்டு. அவர்கள் பட்டதற்கு ஒன்றரைப் பக்கமும் இல்லை. அதைச் சொல்லாமல் நான் ஒரு நாளும் இந்தப் பாடத்தை முடித்ததில்லை. சில பெற்றோர் வந்து சண்டை பிடித்திருக்கிறார்கள்."

இடம்பெயர்ந்து போய் நாங்கள் தங்கிய ஊரில், ஒரே குண்டுக்குப் பயந்து ஒரே பாதையால் ஓடி வந்த சனங்களுக்குள்ளேயே, இன்ன சாதி இந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது என்று கயிற்றைக் கழற்றிக்கொண்டு போன வீட்டுக்காரரை நினைத்தேன். மழையில் குடத்தோடு நின்ற அந்தப் பெண்களின் முகமும் வந்தது. சம்பந்திக்கு அதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்களிடமுமா?" என்று மட்டும் சொன்னார்.

அப்போது மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கி வந்தாள். "என் அம்மா வகுப்புத் தொடங்கிவிட்டாரா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்து என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு குதிகால் உதைத்தது. மற்றப் பக்கத்தில் சம்பந்தியின் கை இருந்தது. ஆண் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த கிழமை ஒரு காலையில் அவள் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "நேற்றிலிருந்து அவன் அதிகம் அசையவில்லை" என்றாள். குரலில் பதற்றமே இல்லை. சம்பந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். குளிர்ந்த தண்ணீர் குடித்து இடது பக்கம் சரிந்து படு என்று சம்பந்தி சொன்னார். படுத்தாள். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மகன் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற பெட்டை, வயிற்றில் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தாள். முதலில் எங்களோடு கதைத்தாள். பிறகு கதைக்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பினாள். டொக்டரைக் கூட்டி வருகிறேன் என்று எழும்பிப் போனாள். மருமகள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மகன், "மெஷினில ஏதும் பிழையா இருக்கும்" என்று தமிழில் எனக்குச் சொன்னான். நான் ஓம் என்றேன்.

மெஷினில் பிழை இல்லை.

இறந்த பிள்ளையையும் பெறத்தான் வேண்டும். மருந்து ஏற்றி, நோவெல்லாம் பட்டு, அடுத்த நாள் மத்தியானம் அவள் பெற்றாள். அறைக்குள் சத்தமே இல்லை. தாதி பிள்ளையைத் துடைத்து, ஒரு தொப்பி போட்டு, துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். பிறகு எங்களிடம் தந்தாள். என் மகனின் நெற்றி. சம்பந்தியின் உதடு. முடி நிறைய இருந்தது. நான் வாங்கியபோது பாரம் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. உயிர் போனால் பாரமும் போய்விடும் என்று நினைத்திருந்தேன் போல.

செய்தி பரவ, உறவினர் போனில் கோல் எடுத்தார்கள். அண்ணி, "கவலைப்படாதை மச்சாள், வயசிருக்குத்தானே, அடுத்தது வரும்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். கோயில் ஐயரைக் கேட்டேன். "உப்பிடிப்பட்ட பிள்ளைக்குக் கிரியை ஒண்டும் தேவையில்லை அம்மா. பால் ஊத்திப் புதைச்சாக் காணும்" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று நான் கொண்டுவந்த சரக்குப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்குக் காய்ச்சுவது? சம்பந்தி கேட்டார், "அது பிள்ளைக்கா, பிள்ளை பெற்றவளுக்கா?"

"பெற்றவளுக்கு."

"அப்படியென்றால் அவள் பெற்றிருக்கிறாள்தானே."

அரைத்தேன். உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுக் காய்ச்சினேன். மருமகள் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்ததைப் பார்த்து அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. பால் வற்றட்டும் என்று சம்பந்தியும் நானும் முட்டைக்கோவா இலையைக் குளிரவைத்து மார்பில் கட்டிவிட்டோம். அந்த வைத்தியம் இரண்டு ஊரிலும் இல்லை. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த ஒரு போலந்துப் பெண் எப்போதோ சொன்னது.

புதைக்கிற அன்று பனி பெய்யவில்லை. ஆனால் நல்ல குளிர். மகன் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மயானத்தில் எங்களுக்காகக் காத்திருந்த வேலையாளிடம் சம்பந்தி கேட்டார்: "தரை உறைந்திருக்குமே. எப்படித் தோண்டினீர்கள்?"

தரைக்கு மேல் ஒரு சூடாக்குகிற மூடியை வைத்து இளக்கிப் பிறகுதான் தோண்டுவது என்று அந்த மனிதர் பணிவாக விளங்கப்படுத்தினார். ஒரு ஓரத்தில் அந்த மூடி கிடந்தது, கவிழ்த்து வைத்த ஒரு பெரிய தகரப் பெட்டி மாதிரி. சம்பந்தி அதன் கிட்டப் போய்க் குனிந்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். இன்னும் இளஞ்சூடு இருந்திருக்க வேண்டும். எழும்பி வரும்போது அவர் முகம் வேறாக இருந்தது.

நான் பால் ஊற்றினேன். மகன் ஒரு பிடி மண் போட்டான். மருமகளைப் பிடித்துக்கொண்டு நின்ற சம்பந்தி தங்கள் மொழியில் மெதுவாகப் பாடத் தொடங்கினார். தேவாலயப் பாட்டு. சொல் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவது அடி வரும்போது அந்த மெட்டு எங்கே ஏறப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடம், அமெரிக்க மிஷனரிமார் தொடங்கியது. நாங்கள் நெற்றியில் திருநீறோடு வரிசையில் நின்று காலைக் கூட்டத்தில் பாடிய பாட்டு. தமிழ் வரிகள் முழுதாக வரவில்லை. வந்தவற்றை முணுமுணுத்தேன், வராத இடத்தில் மெட்டை மட்டும் பிடித்தேன். சம்பந்தி பாட்டை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். மகனும் பார்த்தான். முடிகிற வரை இரண்டு பேரும் பாடினோம்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். மகன் மேலே போய்ப் படுத்துவிட்டான். மருமகள் பக்கத்து அறையில், சோபாவில் போர்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"அந்த மெட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சம்பந்தி.

சொன்னேன். இருநூறு வருடத்துக்கு முன்னர் போஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த ஒரு மிஷன் சபையார் எங்கள் பகுதியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தேடினார். நெடுநேரம் வாசித்தார்.

"ஒரே சபை" என்றார். "ஒரே ஆட்கள். ஒரு கூட்டத்தைக் கப்பலில் ஏற்றி உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு கூட்டத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி எங்களிடம்."

"எங்களையும் திருத்த, உங்களையும் திருத்த."

"ஓம், திருத்த." ஓம் என்ற சொல்லை அவர் அதற்குள் எங்களிடமிருந்து எடுத்துவிட்டார். "ஆனால் எங்களை வெளியேற்றக் கூடாது என்று ஜெயிலுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்களோடு சேர்ந்து மேற்கே வந்தவர்களும் இருந்தார்கள். தங்களுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கப் பணக்காரரின் பெயரை எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தவர்களும் அவர்கள்தான்."

எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். என் மகன் பிறந்ததும் அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில்தான். அவர்களைக் கும்பிடுவதா, கோபிப்பதா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு அவர், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த நடையில் எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்குக் கைப்பிள்ளை இருந்தது. என் தாயின் வழியில், ஐந்து தலைமுறைக்கு முன்னால். மிசிசிப்பி ஆற்றங்கரையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஆறு பாதி உறைந்து, பனிக்கட்டி அடித்துக்கொண்டு போனது. படகும் போக முடியாது, கால் வைத்து நடக்கவும் முடியாது. கூடாரமும் போதாது. அங்கேதான் பிள்ளை செத்தது. தரை இரும்பு மாதிரி. ஆண்கள் எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். அவள் பிள்ளையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டே இருந்தாளாம். ஆற்றைக் கடந்த பிறகும் வைத்துக்கொண்டு நடந்தாளாம். கடைசியில் யாரோ ஒருவர் நெருப்பு மூட்டி, அந்த இடத்து மண் இளகின பிறகு தோண்டிக் கொடுத்தார். எந்த இடம் என்று அவளுக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பெண்களுக்கு மட்டும் இதைச் சொல்வார்கள். நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை."

நான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்தபடியே என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கும் ஒரு பெண் பிள்ளை இருந்தது."

அந்த வசனத்தை நான் கனடாவுக்கு வந்து ஒருவருக்கும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே ஒன்றாக வெளிக்கிட்ட அந்த மழை நாளில் அவளுக்கு எட்டு மாதம். பாலத்தால் அசைய இடமில்லாமல் சனம். அவளுடைய அப்பா சைக்கிளில் மூட்டைகளையும் மகனையும் வைத்து உருட்ட, நான் அவளைத் தோளில் போட்டு, பொலித்தீனால் மூடிக்கொண்டு நடந்தேன். பசித்தவர்களும் வயதானவர்களும் வழியிலேயே உட்கார்ந்தார்கள். அவளுக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வன்னியில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், எட்டுக் குடும்பங்களோடு இருந்தபோது காய்ச்சல் வந்தது. மருந்துக்குத் தடை இருந்த காலம். டொக்டர் நல்ல மனிதர். வெறுங்கையை விரித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாலை மரத்தடியில் அவளைப் புதைத்தோம். சண்டையெல்லாம் முடிந்த பிறகு ஒரு முறை போனேன். பள்ளிக்கூடமும் இல்லை, மரமும் இல்லை. புல்டோசர் போட்டுத் தட்டையாக்கிய வெளி. எந்தப் பக்கம் திரும்பி நின்று அழுவது என்று தெரியாமல் நின்றேன்.

"அவளுக்கு முடி இருந்ததா?"

கேட்டது சம்பந்தி இல்லை. மருமகள் போர்வையோடு கதவடியில் நின்றாள். புதைத்துவிட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"இருந்தது" என்றேன். "உன்ரை பிள்ளைக்கு இருந்த மாதிரி. சுருள்."

அவள் வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சரக்குக் கறி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். சூடாக்கிச் சோறு போட்டுக் கொடுத்தேன். முழுதும் சாப்பிடவில்லை. ஆனால் தானே எடுத்துச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மகன் என்னை டோர்செட் பார்க்குக்குக் கொண்டுபோய் விடுவதற்குக் காரில் ஏற்றினான். அவன் அதற்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டான். கம்பியூட்டரில் வீட்டிலிருந்தே செய்கிற வேலை; அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் ஒருவருக்கும் முகம் காட்டத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் பேசினான்.

"அம்மா, தங்கச்சியைப் பற்றி அவள் சொன்னவள்."

"உனக்குத் தெரியும்தானே."

"காய்ச்சலில செத்தது எண்டு தெரியும். அதுக்கு மேல நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அப்பாவும் சொல்லேல்லை."

"அப்பாவால ஏலாது. அந்தக் கதை எடுத்தா எழும்பிப் போயிடுவார். பேந்து நானும் விட்டிட்டன்."

அவன் கண்ணாடியைப் பார்த்துப் பாதை மாறினான். லொறியொன்று இரைந்துகொண்டு போனது.

"நான் அவளைத் தூக்கினனானோ?"

"மடியில வச்சிருந்தனீ. அந்த வகுப்பறையில, சுவரோட சாய்ஞ்சு, காலை நீட்டிக்கொண்டு. உனக்கு அஞ்சு வயசு. அவள் உன்ரை மடியில கிடந்தாத்தான் அழமாட்டாள்."

"எனக்கு ஞாபகமில்லை அம்மா. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை."

அடுத்த வெளியேறும் பாதையில் காரை இறக்கி, ஒரு கோப்பிக் கடையின் பின்னால் நிறுத்தினான். எஞ்சினை நிற்பாட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நெற்றியை அதில் வைத்தான். அவனுடைய அப்பாவின் செத்தவீட்டில்கூட அவன் அப்படி அழவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். குளிருக்குப் போட்ட அந்தத் தடித்த ஜக்கெட்டுக்கு மேலால் என் கை அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ.

பங்குனியில் சம்பந்தி ஊருக்குத் திரும்பினார். மருமகளும் கூடப் போனாள். கொஞ்ச நாள் என்று சொல்லிப் போனவள் கோடை முழுவதும் அங்கேயே நின்றுவிட்டாள். மகன் போவதும் வருவதுமாக இருந்தான். ஒவ்வொரு முறையும் மெலிந்து வந்தான். இவர்கள் பிரிந்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன், கேட்கப் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தி கோல் எடுப்பார். "இன்றைக்குத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் இருந்தாள்" என்பார். "இன்றைக்கு யாரோடும் கதைக்கவில்லை" என்பார். ஒரு தடவை, "நான் இத்தனை வருடம் அந்த நடையைப் படிப்பித்தேன், சம்பாந்தி. போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் எப்படி வாழத் தொடங்கினார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது எனக்கே அது தெரியவில்லை" என்றார். நாங்கள் வந்து இறங்கிய முதல் வருடம் நான் எப்படி எழும்பி வேலைக்குப் போனேன் என்று யோசித்துப் பார்த்தேன். மகனுக்குச் சாப்பாடு கட்ட வேண்டியிருந்தது, அதனால் எழும்பினேன் என்றேன்.

இலை சிவக்கத் தொடங்கிய நேரம் மருமகள் திரும்பி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவளுடைய ஆட்களில் துக்கத்துக்கு அப்படிச் செய்வதுண்டு என்று மகன் சொன்னான். வந்த கிழமையே எனக்குக் கோல் எடுத்து, "அம்மா, என்னோடு வருவீர்களா?" என்று கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அவள்தான் கார் ஓடினாள். மயானத்தில் புல் நன்றாக வளர்ந்து, கல் வைக்காத அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. ஆனாலும் அவள் தடுமாறாமல் நேரே போய் நின்றாள். அழவில்லை. குந்தி உட்கார்ந்து, ஈரமான புல்லில் விழுந்திருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பக்கத்தில் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்து பொறுக்கினேன். காற்று அடிக்க அடிக்க இலை வந்து விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

திரும்பும்போது, "நீங்கள் ஓடுகிறீர்களா?" என்று கார்த் திறப்பை என்னிடம் தந்தாள். பின் சீற்றில் ஏறிச் சரிந்தவள், நெடுஞ்சாலைக்கு வர முன்னமே நித்திரையாகிவிட்டாள். அவளை எழுப்ப மனமில்லாமல், வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, மகன் வந்து கதவைத் திறக்கும்வரை அப்படியே இருந்தேன்.